அலுங்காமல் குலுங்காமல்: டென்னஸி வாக்கிங் ஹார்ஸ் கதை



குதிரை என்றதும் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது வேகம்தான். ரேஸ், சினிமாவில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் ஹீரோ, கோயில் தூணில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை, இப்படி. ஆனால் மோட்டார் வண்டி வருவதற்கு முன்னால், தினமும் குதிரையில் போய்த்தான் பிழைப்பு நடத்த வேண்டும் என்றிருந்த ஒரு மனிதரிடம் போய் "உங்களுக்கு எப்படிப்பட்ட குதிரை வேணும்?" என்று கேட்டிருந்தால், அவர் வேகத்தை முதலில் சொல்லியிருக்க மாட்டார். "காலையில ஏறினா சாயங்காலம் இறங்கும்போது இடுப்பு இடுப்பா இருக்கணும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அப்படிப்பட்ட ஆட்களுக்காகவே உருவான ஒரு குதிரையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் டென்னஸி வாக்கிங் ஹார்ஸ். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் பிறந்த இனம். உலகத்தில் மிகவும் சொகுசான சவாரி தரும் குதிரைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. அதே சமயம், தன் நடைக்காகவே மனிதர்களிடம் இவ்வளவு அடி வாங்கிய இனம் வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். இந்த இரண்டும் ஒரே குதிரைக்கு எப்படி நடந்தது என்பதுதான் கதை. பி.காம் படிக்கிறவனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பாதிக் கட்டுரைக்கு மேல் அது தானாகவே வந்துவிடும் :-)

முதலில் நடை. குதிரையின் நடைக்குத் தமிழில் 'கதி' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. சாதாரணமாக எல்லாக் குதிரைக்கும் தெரிந்த கதிகள் நான்கு: மெதுவான நடை, டிராட், கேன்டர், பிறகு நாலுகால் பாய்ச்சல். பிரச்சினை இரண்டாவதில் இருக்கிறது. டிராட் என்பது மிதமான வேகத்தில் போகும் துள்ளு நடை. குறுக்கும் நெடுக்குமாக, இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். பிறகு மற்ற இரண்டு. நடுவில் ஒரு கணம் நாலு காலும் காற்றில் இருக்கும். அந்தக் கணத்துக்குப் பிறகு குதிரை தரைக்கு வரும்போது மேலே உட்கார்ந்திருப்பவருக்கு 'தொப்' என்று ஒரு இடி. இதைத் தாங்க முடியாமல்தான் தாளத்துக்கு ஏற்ப சேணத்திலிருந்து எழுந்து எழுந்து உட்காரும் முறையே வந்தது. பத்து நிமிஷம் என்றால் சரி. பத்து மணி நேரம் என்றால்?

டென்னஸிக் குதிரை இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. டிராட் செய்ய வேண்டிய வேகத்திலும் அது நடந்துகொண்டே இருக்கும். இதற்கு 'ரன்னிங் வாக்' என்று பெயர். ஓட்ட நடை என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண நடையில் கால்கள் எந்த வரிசையில் தரையைத் தொடுமோ (வலது பின், வலது முன், இடது பின், இடது முன்) அதே வரிசைதான். நாலு காலும் தனித்தனியாக, டக் டக் டக் டக் என்று நாலு தட்டு. எப்போதும் ஏதாவது ஒரு காலாவது தரையில் இருக்கும். குதிரை காற்றில் எழும்புவதே இல்லை, அதனால் கீழே விழுவதும் இல்லை. மேலே இருப்பவருக்கு இடி கிடையாது, அவ்வளவுதான் ரகசியம்.

வேகத்தைப் பார்த்தால், இதன் 'பிளாட் வாக்' எனப்படும் சாதாரண நடையே மணிக்கு 6 முதல் 13 கிலோமீட்டர் வரை போகும். ஓட்ட நடை 16 கிலோமீட்டரில் ஆரம்பித்து, நல்ல குதிரையாக இருந்தால் அதற்கு மேலும் நன்றாகவே ஏறும். நம்மூர் டவுன் பஸ் வேகம் என்று சொல்லலாம், ஆனால் டவுன் பஸ்ஸின் குலுக்கல் இல்லாமல்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி பின்னங்கால் பதியும். அரை அடி முதல் ஒன்றரை அடி வரை தாண்டும் குதிரைகள் உண்டு. பின்கால் அப்படி நீண்டு முன்னே வரும்போது உடம்பு பேலன்ஸுக்காகத் தலை மேலும் கீழும் ஆடும். "ஆமா சாமி, ஆமா சாமி" என்று சொல்லிக்கொண்டே போவது மாதிரி. சில குதிரைகளுக்குக் காதும் சேர்ந்து ஆடும், சிலவற்றுக்குப் பல் தாளம் போடும். தலையாட்டாத டென்னஸிக் குதிரையை அங்கே யாரும் மதிப்பதில்லை.

இப்படிச் சொகுசு நடை நடக்கும் குதிரை டென்னஸியில்தான் முதன்முதலில் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இடைக்கால ஐரோப்பாவில் இந்த மாதிரிக் குதிரைகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. கனமான போர்க்குதிரையைப் போருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பயணத்துக்கு 'பால்ஃப்ரி' எனப்படும் மென்னடைக் குதிரையில் போவார்கள். ஐஸ்லாந்துக் குதிரைக்கு 'டோல்ட்' என்ற நடை, பெரு நாட்டுக் குதிரைக்கு 'பாஸோ' நடை, நம் ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரைகள் சிலவற்றுக்கு 'ரேவால்' நடை என்று உலகம் பூரா சொந்தக்காரர்கள் உண்டு. ஐரோப்பாவில் ரோடு நன்றாக ஆக ஆக, வண்டிகள் பெருகப் பெருக, மென்னடைக் குதிரைகளுக்கு மவுசு குறைந்தது. வண்டி இழுக்க டிராட் குதிரைதான் தோது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் குதிரை துள்ளினால் என்ன, துள்ளாவிட்டால் என்ன!

ரோடு இல்லாத இடம் அமெரிக்கா. அதனால் ஐரோப்பாவில் தேய்ந்துகொண்டிருந்த இந்த நடை அங்கே போய்ப் பிழைத்துக்கொண்டது. காலனி காலத்தில் ரோட் ஐலண்ட் பகுதியில் 'நரகான்செட் பேஸர்' என்று ஒரு குதிரை இருந்தது. அமெரிக்க மண்ணில் உருவான முதல் குதிரை இனம் என்று இதைச் சொல்கிறார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் சவாரிக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். கரீபியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த முதலாளிகளுக்கு இந்தக் குதிரை ரொம்பப் பிடித்துப்போனது. நல்ல விலை கொடுத்துக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். ரோட் ஐலண்ட்காரர்களும் நல்ல நல்ல குதிரைகளாகப் பார்த்து விற்றுக்கொண்டே இருந்தார்கள். கையில் மிச்சமிருந்ததை வேறு இனங்களோடு கலந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இனமே அழிந்துவிட்டது. விதைநெல்லை விற்றுச் சாப்பிட்ட கதை என்று நம்மூரில் சொல்வோமே, அச்சு அசல் அதேதான்.

ஆனால் ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையிலிருந்து மேற்கே மலை தாண்டிக் குடியேறியவர்கள் கூட்டிப்போன குதிரைகளில் நரகான்செட் வம்சமும் இருந்தது, கனடாவிலிருந்து வந்த பேஸர்களும் இருந்தன. டென்னஸியில் இவை ஸ்பானிஷ் முஸ்டாங்குகளோடும், பிறகு தரோபிரெட், மார்கன், ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளோடும் கலந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு படைகளின் குதிரைகளும் டென்னஸியில் சுற்றிக்கொண்டிருந்ததால் அந்தக் கலப்பு இன்னும் அதிகமானது என்கிறார்கள்.

யார் ஏறினார்கள் இந்தக் குதிரைகளில்? ஊர் ஊராகப் போன டாக்டர்கள், பாதிரியார்கள், சந்தைக்குப் போன விவசாயிகள். இவர்களோடு, தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய கங்காணிகளும். இந்த இனத்துக்கு 'பிளான்டேஷன் வாக்கர்' என்று ஒரு செல்லப்பெயர் இருந்ததற்குக் காரணம் அதுதான். குதிரை வரலாறு எழுதும் பல பக்கங்கள் "தோட்டங்களை நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்க" என்று ஒரே வரியில் அழகாக முடித்துவிடுகின்றன. எதைச் சுற்றிப் பார்க்க? 1860 கணக்கெடுப்பின்படி டென்னஸியில் சுமார் 2,75,000 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்கள் வரிசை வரிசையாகப் புகையிலையிலும் பருத்தியிலும் வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கத்தான் அந்தச் சுகமான சவாரி. பயிர் வரிசைகளுக்கு நடுவே செடியை மிதிக்காமல் குறுகலாக நடக்கும் குதிரை என்று புகழ்வதையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குதிரைமேல் குற்றமில்லை. ஆனால் யார் குதிரைமேல், யார் கீழே என்பதை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறுதான்.

இப்போது கதாநாயகன் வருகிறார். பெயர் பிளாக் ஆலன். 1886இல் கென்டக்கியில் பிறந்த கறுப்புக் குதிரை, நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை. அப்பா ஆலன்டார்ஃப், புகழ்பெற்ற டிராட்டிங் ரேஸ் வம்சம். அம்மா மேகி மார்ஷல், மார்கன் வழி. டிராட் ரேஸில் ஓட விட்டுப் பணம் பார்க்கலாம் என்றுதான் வளர்த்தார்கள். ஆனால் பையன் டிராட் செய்ய மாட்டேன் என்றுவிட்டான்! ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைக்கும் 'பேஸ்' நடைதான் அவனுக்குப் பிடித்தது. டிராட் ரேஸில் அது செல்லாது. ஆக, ரேஸ் வாழ்க்கை ஆரம்பிக்கும் முன்பே முடிந்தது.

அதற்குப் பிறகு பிளாக் ஆலன் கைமாறிக் கைமாறிக் கீழே போனது. ஒரு கட்டத்தில் கோவேறு கழுதை உற்பத்தி செய்யும் பண்ணையில் 'டீஸர்' வேலை. அதாவது பெண் குதிரை இணைசேரத் தயாரா என்று பார்ப்பதற்காக மட்டும் இதைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தயார் என்று தெரிந்ததும் இதை ஓரம் கட்டிவிட்டு ஆண் கழுதையைக் கொண்டுவருவார்கள். ராஜ வம்சத்தில் பிறந்து கழுதைக்கு எடுபிடி! அன்றைய டென்னஸியில் கோவேறு கழுதைதான் காசு, அதனால் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

1903இல் ஜேம்ஸ் பிரான்ட்லி என்ற விவசாயி இந்தக் குதிரையை வாங்கினார். எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள், இவர் குதிரையின் வம்சாவளியைப் பார்த்தார் என்பதுதான் வித்தியாசம். பங்குச் சந்தை பாஷையில் சொன்னால், மார்க்கெட் கழித்துக் கட்டிய ஷேரை பேலன்ஸ் ஷீட் படித்துவிட்டு வாங்கியவர். தன் கெர்ட்ரூட் என்ற பெண் குதிரையோடு சேர்த்தார். அதில் 1906இல் பிறந்ததுதான் ரோன் ஆலன். இது ஓட்ட நடை, டிராட், பேஸ் என்று கேட்ட நடையெல்லாம் நடக்கும், போட்டிகளில் எல்லா வகையிலும் பரிசு வாங்கும். 1909இல் பிளாக் ஆலன் ஆல்பர்ட் டிமென்ட் என்பவரிடம் போனது, 1910இல் இறந்துபோனது. அந்தக் கடைசிக் காலத்தில் உண்டான கரு, 1911இல் மெர்ரி லெக்ஸ் என்ற பெண் குதிரையாகப் பிறந்தது. அப்பன் முகம் பார்க்காத பிள்ளை. இன்றைய டென்னஸிக் குதிரைகளின் வம்சாவளியில் மேலே போனால் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

பேஸ் நடை குதிரையின் வாரிசுகள் ஏன் ஓட்ட நடையில் இவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தார்கள் என்பதற்கு ரொம்ப காலம் யாரிடமும் சரியான பதில் இல்லை. 2012இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் தலைமையில் ஒரு ஆராய்ச்சி 'நேச்சர்' இதழில் வந்தது. டிஎம்ஆர்டி3 என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால், அந்த ஜீன் தயாரிக்கும் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. முதுகுத்தண்டில் கால்களை ஒருங்கிணைக்கும் நரம்பு செல்களின் வேலை அதனால் மாறுகிறது. இடது வலது, முன் பின் என்ற கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்து, டிராட் தவிர்த்த நடைகள் குதிரைக்குக் கைவருகின்றன. (காலுக்கு வருவதைக் கைவருவது என்று சொல்லலாமா? தெரியாது!) 2014இல் 141 இனங்களைச் சேர்ந்த 4,396 குதிரைகளைச் சோதித்ததில் 68 இனங்களில் இந்த மாற்றம் இருந்தது. டென்னஸிக் குதிரைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இருக்கிறது. 2016இல் பழைய எலும்புகளை ஆராய்ந்தபோது, இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் கி.பி. 850 - 900 காலத்துக் குதிரைகளிலும், அதே காலத்தை ஒட்டிய ஐஸ்லாந்துக் குதிரைகளிலும் இது கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து வைக்கிங்குகள் ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்கிறார்கள். ஆக, பிளாக் ஆலனிடம் எல்லோரும் குறை என்று நினைத்தது ஆயிரம் வருஷத்துக்கு மேல் கைமாறி வந்த சொத்து. ஒரே ஜீன் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, அது வேறு விஷயம். ஒரு குதிரை பேஸ் நடக்குமா, ஓட்ட நடை நடக்குமா என்பதில் வேறு ஜீன்களுக்கும் பயிற்சிக்கும் பங்கு உண்டு.

1935இல் டென்னஸியின் லூயிஸ்பர்க் என்ற சின்ன ஊரில் இந்த இனத்துக்கென்று சங்கம் ஆரம்பித்தார்கள். 115 குதிரைகளை மூலக் குதிரைகளாக அறிவித்தார்கள். முதல் எண், எஃப்-1, கழுதைப் பண்ணையில் எடுபிடியாக இருந்த பிளாக் ஆலனுக்கு! 1947இல் பதிவேட்டை மூடினார்கள், அதாவது அப்பா அம்மா இரண்டும் பதிவான குதிரையாக இருந்தால்தான் குட்டியைப் பதிய முடியும். 1950இல் அமெரிக்க விவசாயத் துறை இதைத் தனி இனமாக அங்கீகரித்தது. குணம் சாது. உயரம் சுமார் 150 முதல் 173 சென்டிமீட்டர், எடை 400 முதல் 540 கிலோ, எல்லா நிறத்திலும் உண்டு. முதல்முறை குதிரை ஏறுகிறவர்களுக்கும், முதுகுவலிக்காரர்களுக்கும், வயதானவர்களுக்கும் இதைத்தான் இன்றும் சிபாரிசு செய்கிறார்கள்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் சந்தோஷமான கட்டுரையாக இருந்திருக்கும்.

1939இல் பக்கத்து ஊரான ஷெல்பிவில்லில் (பென்சில் தயாரிப்புக்குப் பேர் போன ஊர்) 'செலிப்ரேஷன்' என்ற போட்டித் திருவிழா ஆரம்பித்தது. முதல் வருஷம் உலக கிராண்ட் சாம்பியன் பட்டம் ஸ்ட்ரோலிங் ஜிம் என்ற செம்பழுப்புக் குதிரைக்கு. ஆரம்பத்தில் வண்டி இழுக்கப் பழக்கப்பட்ட குதிரை அது. வார்ட்ரேஸ் என்ற ஊரில் ஒரு பழைய ஓட்டலின் பின்பக்கம் இன்றும் அதன் சமாதி இருக்கிறது. 1945, 1946 இரண்டு வருஷமும் மிட்நைட் சன் ஜெயித்தது. பட்டம் வாங்கிய ஆண் குதிரையின் வித்துக்கு நல்ல கிராக்கி. பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளருக்கும் கிராக்கி. இங்கேதான் காமர்ஸ் உள்ளே வருகிறது.

சவாரி சுகத்தை உணர்கிறவர் குதிரைமேல் இருப்பவர் மட்டும்தான். கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிவது முன்னங்கால் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதுதான். காலை உயர்த்தி உயர்த்தி நடக்கும் குதிரைக்குக் கைதட்டல், கைதட்டல் வாங்கிய குதிரைக்குப் பரிசு, பரிசு வாங்கிய குதிரைக்கு விலை. வாங்குபவர் மாறிவிட்டார் பாருங்கள்! வயலைச் சுற்றிய விவசாயி வாங்கிய காலத்தில் நடை சுகமாக இருந்தால் விலை. போட்டிக்காக வாங்குகிறவர் வந்த பிறகு நடை கண்ணுக்குப் பட்டால்தான் விலை. இந்த மிகைப்படுத்திய நடைக்கு 'பிக் லிக்' என்று பெயர் வந்தது.

அதை அடைய ஒரு குறுக்கு வழியையும் கண்டுபிடித்தார்கள். 1950களிலிருந்து பரவிய அந்த வழக்கத்துக்கு 'சோரிங்' என்று பெயர். குளம்புக்குச் சற்று மேலே உள்ள கணுப்பகுதியில் கடுகு எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் மாதிரியானவற்றைத் தடவி, பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிவைப்பது. தோல் வெந்து புண்ணாகும். அதன்மேல் சங்கிலி மாட்டி நடக்கவிடுவது. ஒவ்வொரு அடிக்கும் சங்கிலி புண்ணில் படும், குதிரை வலி தாங்காமல் காலை வெடுக்கென்று மேலே இழுக்கும், முன்காலில் பாரம் போடப் பயந்து பின்காலில் குந்தும். கேலரியிலிருந்து பார்த்தால் 'என்னா ஸ்டைல்!'. இன்னொரு முறையில் குளம்பின் அடியை வெட்டவேண்டியதற்கு மேல் வெட்டி, லாடத்துக்கும் பாதத்துக்கும் நடுவில் கடினமான பொருளை வைத்து அழுத்துவது. செருப்புக்குள் கல் வைத்து நடப்பது மாதிரி. இதோடு ஹை ஹீல்ஸ் போல அடுக்கடுக்கான பேட்கள் வேறு.

மனுஷன் இடுப்பு வலிக்கக் கூடாது என்று உருவாக்கிய குதிரை இது. அதைப் படிக்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

சட்டம் வராமல் இல்லை. மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் முயற்சியில் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970 டிசம்பர் 9இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். சோரிங் செய்யப்பட்ட குதிரையைப் போட்டியிலோ ஏலத்திலோ காட்டுவதும், அதற்காகக் கொண்டுபோவதும் குற்றம். ஆனால் எல்லாப் போட்டிக்கும் அரசு மிருக வைத்தியரை அனுப்பப் பணம் இல்லை. அதனால் 1976 திருத்தத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். போட்டி நடத்துகிறவர்களே பயிற்சி பெற்ற பரிசோதகர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆடிட்டிங் பேப்பர் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். ஆடிட்டருக்கு முதல் பாடமே சுதந்திரத் தன்மைதான். எந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறாரோ அந்தக் கம்பெனியில் அவருக்கு ஆதாயம் இருக்கக் கூடாது. இங்கேயோ பரிசோதகருக்குச் சம்பளம் கொடுப்பது போட்டிக்காரர்கள், பல பரிசோதகர்கள் தாங்களே குதிரை வைத்திருந்தவர்கள். கறாராக இருந்தால் அடுத்த போட்டிக்குக் கூப்பிட மாட்டார்கள். 2010இல் விவசாயத் துறையின் உள் தணிக்கை அலுவலகமே இதைப் போட்டு உடைத்தது. அரசு மிருக வைத்தியர்கள் நேரில் போனது 6 சதவீதப் போட்டிகளுக்குத்தான். ஆனால் இந்தத் தனியார் பரிசோதகர்கள் பிடித்த மொத்தக் குற்றங்களில் 49 சதவீதம் அந்த 6 சதவீதப் போட்டிகளில் பிடிபட்டவை! அதாவது, வாத்தியார் வகுப்பில் இருக்கும்போது மட்டும் லீடர் பேர் எழுதுவது.

2006 செலிப்ரேஷனில் அரசு ஆட்கள் கறாராக நின்றார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த குதிரைகளில் பெரும்பாலானவை சோதனையில் தேறவில்லை. அந்த வருஷம் கிராண்ட் சாம்பியன் என்று யாரையும் அறிவிக்கவே இல்லை. 2012 மே மாதம் ஒரு ரகசிய வீடியோ ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. பெயர்பெற்ற ஒரு பயிற்சியாளரின் லாயத்தில் குதிரைக் காலில் ரசாயனம் தடவுவதும், குதிரையை அடிப்பதும் பதிவாகியிருந்தது. அந்தப் பயிற்சியாளர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெப்சி ஸ்பான்சரிலிருந்து விலகியது. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கமும் குதிரை வைத்தியர் சங்கமும் சங்கிலியையும் பேட் அடுக்கையும் முழுக்கத் தடை செய்யச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒரு அரசியல் சீரியல். இவற்றைத் தடை செய்யும் 'பாஸ்ட்' மசோதா 2019இல் பிரதிநிதிகள் சபையில் 333க்கு 96 என்று நிறைவேறியது. 2022இல் மறுபடி 304க்கு 111. இரண்டு முறையும் செனட்டில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. விவசாயத் துறை தானே கொண்டுவந்த விதி 2017 ஜனவரியில் ஆட்சி மாறியதும் வாபஸ் ஆனது. 2024 மே மாதம் புதிய விதியை வெளியிட்டார்கள், 2025 பிப்ரவரி 1 முதல் அமல் என்று. அதற்கு ஒரு நாள் முன்னால், ஜனவரி 31இல், டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்துவிட்டது.

பிக் லிக் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. பேட் போடுவதும் ஆறு அவுன்ஸ் சங்கிலி போடுவதும் விதிப்படி அனுமதிக்கப்பட்டவை, அவை இருப்பதாலேயே சோரிங் என்று சொல்ல முடியாது, எங்கள் ஊர் ஓட்டல், லாட வேலை, தீவனக் கடை எல்லாம் இந்தப் போட்டியை நம்பித்தான் என்கிறார்கள். ஷெல்பிவில் மாதிரி ஒரு சின்ன ஊருக்கு அந்தத் திருவிழா எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது. ஆனால் பேட்டும் சங்கிலியும் வலியை மறைக்கவும் கூட்டவும் வசதி செய்கின்றன என்று மிருக வைத்தியர் சங்கங்களே சொல்லும்போது, எனக்கு அந்த வாதம் நிற்பதாகத் தெரியவில்லை. தவிர, நஷ்டம் யாருக்கு? ஒரு பைசா தப்பு செய்யாமல் இந்தக் குதிரையை வளர்க்கிறவர்களுக்கும்தான். "ஓ, அந்தச் சித்திரவதைக் குதிரையா?" என்ற கேள்வி அவர்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் அவர்கள்தான் அதிகம், பெரும்பாலான டென்னஸிக் குதிரைகள் பிக் லிக் மேடைப் பக்கமே போகாதவை. 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் சவுண்ட் ஹார்சஸ்' மாதிரி அமைப்புகள் பேட், சங்கிலி எதுவும் இல்லாத போட்டிகளைத் தனியாக நடத்துகின்றன. அங்கே சாதாரண லாடம் அல்லது வெறும் குளம்பு. ஜெயிக்க வேண்டியது நடை மட்டும்.

இந்த நடையைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் யூட்யூபில் இனத்தின் பெயரோடு 'பிளாட் ஷாட்' என்று சேர்த்துத் தேடுங்கள். சும்மா தேடினால் பிக் லிக் வீடியோவும் வந்து விழும். காலை விட்டுவிட்டு சவாரி செய்பவரின் தொப்பியைப் பாருங்கள். குதிரையின் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும், நாலு காலும் தனித்தனியாக விழுந்துகொண்டிருக்கும், தொப்பி மட்டும் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கும்.